பழைய சேலைக்கு என்ன விலை?

பழைய துணியைக் காசு கொடுத்து வாங்கி உடுத்துவது இப்போது நாகரிகமாகியிருக்கிறது. 'விண்டேஜ்' என்கிறார்கள். 'த்ரிஃப்ட்' என்கிறார்கள். இன்னும் கொஞ்சம் நாசூக்கானவர்கள் 'ப்ரீ-லவ்டு' என்கிறார்கள். அதாவது, ஏற்கெனவே ஒருவர் ஆசை ஆசையாக வைத்திருந்ததாம். எங்கள் ஆரப்பாளையத்தில் இதற்கெல்லாம் ஒரே பெயர்தான்: 'யாரோ கட்டுன துணி'.

அக்கா மகள் காலேஜில் இரண்டாம் வருஷம். செல்போனில் படம் பார்த்து, எண்பதுகளின் சேலை என்று ஒன்றை 1,400 ரூபாய்க்கு வாங்கினாள். பார்சலைப் பிரித்துப் பார்த்த அக்காவுக்கு முகம் மாறிவிட்டது.

"ஏண்டி, இதே மாதிரி நாலு சேலையைத்தான போன பொங்கலுக்குப் பாத்திரக்காரிகிட்ட போட்டேன்? நாலுக்கும் சேர்த்து ஒரு இட்லிப்பானை குடுத்தா!"

"அம்மா, இது விண்டேஜ்மா."

"விண்டேஜும் இல்ல, ஒண்ணும் இல்ல. நைலக்ஸ். வெயில்ல கட்டிப்பாரு, தெரியும்."

சிரித்துவிட்டுப் போய்விடலாம்தான். ஆனால் ஒரே மாதிரி சேலை ஒரு வீட்டிலிருந்து கால் இட்லிப்பானை விலைக்கு வெளியே போய், 1,400 ரூபாய்க்கு அதே வீட்டுக்குள் திரும்பி வருகிறது என்றால், நடுவில் என்னவோ நடக்கிறது. அதைப் பார்க்காமல் 'பழசுதான் அழகு' என்று எழுதுகிற கட்டுரைகளைப் படித்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

பாத்திரக்காரியிலிருந்து ஆரம்பிப்போம். காலை பத்து மணிக்கு மேல், வீட்டில் ஆம்பளைகள் கிளம்பிய பிறகுதான் சந்துக்குள் அவர் குரல் கேட்கும். தலையில் எவர்சில்வர் கூடை, தோளில் துணி மூட்டை. திண்ணையில் உட்கார்ந்து நாம் கொடுக்கிற சேலையை உதறுவார் பாருங்கள், எந்த மியூசியத்து நிபுணரும் தோற்றுப் போவார். ஜரிகை இருக்கிறதா, நூல் சேலையா நைலக்ஸா, முந்தி நைந்திருக்கிறதா, நடுவில் இற்றுப் போயிருக்கிறதா, எல்லாம் பத்து விநாடியில் முடிந்துவிடும். அப்புறம் அரை மணி நேரம் பேரம். ஒரு தூக்குவாளிக்கு ஐந்து சேலை கேட்பார். மூன்றில் வந்து நிற்கும். கடைசியில் "ஒரு சட்டையாவது போட்டு விடுங்கக்கா" என்று ஒரு பழைய சட்டையையும் வாங்காமல் எழுந்திருக்க மாட்டார்.

அந்த மூட்டை அதற்குப் பிறகு பல வழியாகப் பிரிகிறது. ஜரிகைச் சேலை ஒரு பக்கம். கட்டக்கூடிய நிலையில் இருப்பதெல்லாம் துவைத்து, கஞ்சி போட்டு, தேய்த்து, வாரச்சந்தைகளுக்கு. கிழிந்த வேட்டியும் பனியனும் லேத் பட்டறைக்கும் மெக்கானிக் ஷெட்டுக்கும் எண்ணெய் துடைக்க. இந்தப் பாத்திர வியாபாரம் நம்மூர்ச் சங்கதி மட்டும் இல்லை. டில்லியில் இதே தொழிலைச் செய்கிறவர்களைப் பின்தொடர்ந்து லூசி நாரிஸ் என்ற மானிடவியலாளர் ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார், 2010-ல் வந்தது. அலமாரியிலிருந்து இறங்கிய சேலை எங்கெல்லாம் போகிறது என்று துரத்திக்கொண்டே போகிறது அந்தப் புத்தகம். விண்டேஜ் வியாபாரிகள் படிக்க வேண்டும்.

ஆரப்பாளையத்தில் இன்னொரு குழப்பமும் உண்டு. கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு பக்கம் போகிற பஸ்களெல்லாம் இங்கேதான் வந்து நிற்கின்றன. திருப்பூரிலிருந்து வருகிற பனியன் மூட்டைகளும் அப்படியே வந்து இறங்கும். அமெரிக்காவில் ஏதோ ஒரு பள்ளிக்கூடத்தின் கூடைப்பந்து அணி பேர் போட்ட டி-ஷர்ட் நடைபாதையில் 150 ரூபாய்க்குக் கிடைக்கும். நம் பையன்கள் அதை 'விண்டேஜ்' என்று போட்டுக்கொண்டு திரிகிறார்கள். அது பழசே இல்லை. ஏற்றுமதி ஆர்டரில் மிஞ்சியது, அல்லது தையல் கோணிப்போய்த் தள்ளுபடியானது. 'செகண்ட்ஸ்' வேறு, 'செகண்ட் ஹேண்ட்' வேறு. முன்னது யாரும் போடாதது, பின்னது யாரோ போட்டது. இரண்டையும் கலந்து கட்டி விற்கிறவர்கள் இருக்கிறார்கள், ஜாக்கிரதை. காலரில் லேபிளை வெட்டியிருந்தால் பெரும்பாலும் முன்னதுதான்.

(லேபிள் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. லூயி ஃபிலிப், ஆலன் சோலி என்றெல்லாம் சட்டை போடுகிறோமே, அவற்றை இந்தியாவில் வளர்த்தது நம் மதுரா கோட்ஸின் ஆயத்த ஆடைப் பிரிவுதான். 1999-ல் பிர்லா குழுமம் அதை வாங்கியது. பிரெஞ்சு ராஜா பெயருள்ள சட்டைக்குப் பின்னால் மதுரைப் பஞ்சாலைக் கம்பெனி. அந்தச் சட்டைகளும் இப்போது பாத்திரக்காரி மூட்டைக்குள் வந்து சேர்ந்துவிட்டன.)

சரி, பழைய துணியில் சந்தோஷமே இல்லையா? உண்டு. நிறைய உண்டு. மதுரைக்காரர்களுக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை, நம்மிடம் சுங்குடி இருக்கிறதே.

நாயக்கர் காலத்தில் இங்கே வந்து மகாலைச் சுற்றிக் குடியேறிய சௌராஷ்டிர மக்களின் கைவேலை அது. மெல்லிய பருத்தித் துணியை நகத்தால் கிள்ளியெடுத்து, நூலால் இறுக்கிச் சுற்றி முடிச்சுப் போடுவார்கள். பெரும்பாலும் வீட்டுப் பெண்கள்தான், சமையலுக்கும் பிள்ளைகளுக்கும் நடுவே. சேலை முழுக்க முடிச்சுப் போட்டு முடிக்கவே நாட்கணக்காகும். சாயத்தில் முக்கி எடுத்துக் காயவைத்து முடிச்சைப் பிரித்தால், நூல் சுற்றிய இடமெல்லாம் சாயம் ஏறாமல் புள்ளியாக நிற்கும். வைகை மணலில் அப்படிக் காய்ந்துகொண்டிருந்த சேலைகளைப் பார்த்த தலைமுறை இன்னும் இருக்கிறது. 2005-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் அதற்கு முன்பே மெழுகு அச்சும் ஸ்கிரீன் பிரிண்டும் வந்து முடிச்சுப் போடுகிற கையை ஓரங்கட்டிவிட்டன. இன்று கடையில் 'சுங்குடி' என்று தொங்குவதில் பெரும்பாலானவை அச்சுப் புள்ளிகள்.

அதனால்தான் பழைய சுங்குடி ஒன்று கையில் கிடைத்தால் அதற்கு மதிப்பு. எப்படிக் கண்டுபிடிப்பது? புள்ளிகளைப் பாருங்கள். கையால் முடிச்சுப் போட்டதென்றால் இரண்டு புள்ளி ஒரே மாதிரி இருக்காது. ஒன்று கொஞ்சம் வட்டம், ஒன்று கொஞ்சம் கோணல், நடுவில் பொட்டுப்போல லேசாகச் சாயம். துவைக்காத புதுச் சேலையென்றால் கிள்ளிய இடம் தடவினால் கையில் நெருடும். அச்சுச் சேலையில் புள்ளியெல்லாம் பரேடில் நிற்கிற போலீஸ்காரர் மாதிரி ஒரே அளவில் நிற்கும். துணியைத் திருப்பிப் பார்த்தாலும் வித்தியாசம் புரிந்துவிடும்.

இன்னொரு சந்தோஷம் எனக்கு: சேங்கொட்டைக் குறி. அந்தக் காலத்துச் சலவைத் தொழிலாளிகள் எந்தத் துணி எந்த வீட்டுடையது என்று தெரிவதற்காக ஓரத்தில் சின்னதாக ஒரு அடையாளம் போடுவார்கள். இரண்டு கோடு, ஒரு புள்ளி, ஒரு பெருக்கல் குறி, இப்படி. சேங்கொட்டைச் சாற்றில் போட்ட குறி எத்தனை வெளுப்பு வெளுத்தாலும் போகாது. பழைய வேட்டியின் ஓரத்தில் அந்தக் கறுப்புக் குறி இருந்தால், நிஜமாகவே பழசு என்பதற்கு அதைவிட நல்ல சர்ட்டிபிகேட் கிடையாது. விற்கிறவர்கள் இதைக் 'கறை' என்று சொல்லி விலை குறைத்துத் தருவதைப் பார்த்திருக்கிறேன். பேசாமல் வாங்கிக்கொள்ளுங்கள்.

பழைய தையலிலும் விஷயம் இருக்கிறது. அந்தக் காலத்து டெய்லர் உள்தையலில் ஒரு விரல்கடை துணி விட்டுவைப்பார். உடம்பு போட்டால் பிரித்து விடலாம். இப்போது வருகிற ரெடிமேடில் பிரிப்பதற்கு ஒன்றும் இல்லை. மீனாட்சியம்மன் கோயில் எதிரே புதுமண்டபத்தில் தூணுக்குத் தூண் மிஷின் போட்டு உட்கார்ந்திருந்தார்களே, அவர்களிடம் கொடுத்தால் தாத்தா சட்டையைப் பேரனுக்கு ஒரு மணி நேரத்தில் மாற்றித் தருவார்கள். மண்டபத்துக் கடைகளை இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே போய்த் தேடினால் அந்தக் கைகள் கிடைக்கலாம்.

இனி ஏமாற்று வித்தைகள்.

முதலாவது, கதை. 'செட்டிநாட்டுப் பெரிய வீட்டு ஆச்சி கட்டிய சேலை', 'பழைய நடிகையின் காஸ்ட்யூம்' என்று ஒரு கதை ஒட்டியிருந்தால் விலை மூன்று மடங்கு. கதைக்கு ரசீது கேளுங்கள், பேச்சு நின்றுவிடும். துணியைப் பாருங்கள், கதையைக் கேட்காதீர்கள்.

இரண்டாவது, நூல். முந்தியில் தொங்குகிற ஒரு இழையை உருவி, தீக்குச்சியில் காட்டுங்கள். பட்டு என்றால் முடி கருகும் நாற்றம் வரும், சாம்பல் விரலில் பொடியும். பருத்தி காகிதம் மாதிரி எரியும். பாலியஸ்டர் உருகி, மணி மாதிரி கெட்டியாக உருண்டுகொள்ளும். விற்கிறவர் இழை உருவ விடமாட்டேன் என்றால் அதுவே பதில்.

மூன்றாவது, மடிப்பு. இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். வருஷக்கணக்கில் மடிப்பு மாற்றாமல் வைத்த பட்டு, மடிப்பிலேயே இற்றுப்போகும். படத்தில் தெரியாது. கையில் எடுத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் கோடு கோடாக வெயில் தெரியும். கட்டிக்கொண்டு கல்யாண வீட்டில் உட்கார்ந்து எழுந்தால் 'டர்' என்று கேட்கும், அவ்வளவுதான். அந்துருண்டை நாற்றம் நாலு நாள் நிழலில் உலர்த்தினால் போகும். அக்குள் வியர்வையில் நிறம் மாறிய ரவிக்கை மட்டும் எதற்கும் போகாது. போனில் வாங்குகிறவர்களுக்கு இந்த வெளிச்சச் சோதனைக்கெல்லாம் வழியே இல்லை, திருப்பி எடுக்கவும் மாட்டார்கள். அதைவிட, மதுரை திலகர் திடல் ஞாயிற்றுக்கிழமைச் சந்தை மாதிரி இடங்களில், தடவிப் பார்த்து, உதறிப் பார்த்து, திட்டு வாங்கி, பேரம் பேசி வாங்குவது எவ்வளவோ மேல்.

இதையெல்லாம்விடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. அது வாங்குகிறவருக்கு இல்லை, சேலைக்கு. 'பழைய பட்டுச்சேலை எடுக்கிறோம்' என்று சுவரொட்டியும் விளம்பரமும் பார்த்திருப்பீர்கள். எதற்கு எடுக்கிறார்கள்? கட்டுவதற்கு இல்லை, எரிப்பதற்கு. அசல் ஜரிகை என்பது பட்டு இழை மேல் வெள்ளிக் கம்பி சுற்றித் தங்கமுலாம் பூசியது. கரையையும் முந்தியையும் வெட்டியெடுத்து எரித்து, உருக்கி, வெள்ளியை எடுத்துக்கொள்வார்கள். 2025-ல் வெள்ளி கிலோ ஒரு லட்சத்தைத் தாண்டி ஓட ஆரம்பித்ததும் இந்த அடுப்புக்குப் பசி கூடிவிட்டது. சேலைக்கு விலை போடுவது ஜரிகை எடையை வைத்து. அதில் யாளி ஓடுகிறதா, அன்னம் நிற்கிறதா, உடலும் கரையும் கோர்வையில் எப்படிச் சேர்ந்திருக்கின்றன, இதற்கெல்லாம் தராசில் இடம் கிடையாது. ருக்மிணி தேவி 1937-ல் கலாக்ஷேத்ராவில் நெசவுப் பிரிவு ஆரம்பித்தபோது பழைய சேலைகளின் கரையையும் நிறத்தையும் பார்த்துத்தான் புதிதாக நெய்ய வைத்தார். நெசவாளருக்குப் பழைய சேலைதான் பாடப்புத்தகம். நாம் அந்தப் புத்தகத்தைக் கிழித்து அதிலுள்ள ஸ்டேப்பிள் பின்னை எடைக்குப் போட்டுக்கொண்டிருக்கிறோம். விண்டேஜ் மோகத்தில் எனக்குப் பிடித்த ஒரே சங்கதி, சில சேலைகளையாவது அது இந்த அடுப்பிலிருந்து காப்பாற்றுகிறது என்பதுதான்.

ஆனால் 'பழசை உடுத்துங்கள், பூமியைக் காப்பாற்றுங்கள்' என்று ஊருக்கெல்லாம் பொதுவாக உபதேசம் செய்கிறார்களே, அங்கேதான் எனக்கு இடிக்கிறது. பழைய துணி எல்லோருக்கும் ஒரே துணி இல்லை.

கானா நாட்டில் அக்ராவில் கான்டமான்டோ என்று பெரிய பழைய துணிச் சந்தை. 2025 ஜனவரியில் தீப்பிடித்து எரிந்த செய்தியைப் படித்திருக்கலாம். மேல்நாட்டிலிருந்து வந்து குவியும் துணிக்கு அந்த ஊர் பாஷையில் 'செத்துப்போன வெள்ளைக்காரன் உடுப்பு' என்று பெயர். உயிரோடு இருக்கிறவன் இவ்வளவு நல்ல சட்டையைத் தூக்கியா போடுவான், செத்துத்தான் போயிருப்பான் என்று நினைத்தார்களாம். நம் ஊரிலும் பழைய துணி என்றதும் பெரியவர்கள் முதலில் கேட்பது "செத்தவுக துணியா?" என்றுதானே. ஹரியானாவில் பானிப்பட்டுக்கு வருகிற வெளிநாட்டுக் கம்பளித் துணி, உடுத்த முடியாதபடி வெட்டிக் கிழித்த கந்தலாகத்தான் வரவேண்டும் என்று விதி. அங்கே பிரித்து, நூலாக்கி, போர்வை நெய்கிறார்கள். மேக்னா குப்தா 2012-ல் எடுத்த 'அன்ராவல்' என்ற குறும்படத்தில், இந்தத் துணியெல்லாம் ஏன் இவ்வளவு புதுசாக வருகிறது என்று அங்கே வேலை செய்கிற பெண்கள் யோசிக்கிறார்கள். அந்த நாட்டில் தண்ணீர் ரொம்ப விலையோ, துவைக்க முடியாமல் போட்டுவிடுகிறார்களோ என்று! கொடுக்கிறவருக்கு அது தர்மம். வாங்குகிறவருக்கு அது புதிர்.

நம்மூருக்கு வருவோம். 1921 செப்டம்பர் 22, மேல மாசி வீதி. காந்தி சட்டையையும் குல்லாவையும் விட்டுவிட்டு அரைத்துண்டுக்கு மாறியது மதுரையில்தான் என்பது எல்லோருக்கும் தெரியும். அதே வருஷம் அவர் அந்நியத் துணிகளைக் கொளுத்திக்கொண்டிருந்தார். தாகூருக்கும் சி.எஃப். ஆண்ட்ரூஸுக்கும் அது பிடிக்கவில்லை. துணியில்லாத ஏழைகள் இருக்கும் நாட்டில் எரிப்பதற்குப் பதில் அவர்களுக்குக் கொடுக்கலாமே என்பது நியாயமான கேள்விதான். மதுரையிலிருந்து போன மூன்று வாரத்தில், அக்டோபர் 13-ம் தேதி 'யங் இந்தியா'வில் காந்தி பதில் எழுதினார். வேலை இல்லாமல் தவிக்கிறவனுக்குக் கழித்துப்போட்ட துணியைக் கொடுப்பது அவனை அவமானப்படுத்துவது, கொடுப்பதானால் நல்லதைக் கொடுக்கவேண்டும் என்பது அதன் சாரம். எரித்தது சரியா என்று இன்றைக்கும் சண்டை போடலாம். நான் தாகூர் கட்சி. ஆனால் கழித்துப்போட்ட துணியைப் பற்றி காந்தி சொன்னதில் எனக்கு மறுப்பே இல்லை.

ஏனென்றால் நம் பக்கத்தில் துணி வெறும் துணியாக இருந்ததில்லை. 1930 டிசம்பரில் ராமநாதபுரம் ஜில்லாவில் ஆதிதிராவிடர்களுக்கு ஆதிக்க சாதியினர் எட்டுத் தடைகள் விதித்தார்கள். 1931 சென்சஸ் கமிஷனராக இருந்த ஹட்டன் அதைப் பதிவு செய்திருக்கிறார். ஆண்கள் முழங்காலுக்குக் கீழே துணி கட்டக்கூடாது, சட்டை பனியன் போடக்கூடாது. பெண்கள் மேல்துணி போடக்கூடாது. மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் புழங்கக்கூடாது. இது ஏதோ புராண காலத்துச் சமாச்சாரம் இல்லை. தியாகராஜ பாகவதர் நாடகத்தில் பாடிக்கொண்டிருந்த காலம். அந்தத் தாத்தாக்களின் பேரன் பேத்திகள் தீபாவளிக்கு விளக்குத்தூண் கூட்டத்தில் மூச்சுமுட்ட நின்று, பத்துத்தூண் சந்தில் புதுச்சட்டை எடுத்து, மூலையில் மஞ்சள் வைத்துப் போடுகிறார்கள் என்றால், அந்த மஞ்சளுக்குப் பின்னால் நூறு வருஷம் இருக்கிறது. அவர்களிடம் போய் 'புதுத்துணி வாங்குவது பூமிக்குக் கேடு' என்று சொல்ல எனக்கு வாய் வராது.

எங்கள் தெருவில் நாலு வீட்டில் வேலை செய்கிற ஒரு அம்மா இருக்கிறார். வருஷா வருஷம் எல்லா வீட்டிலும் பழைய சேலை கொடுப்பார்கள். ஒன்றிரண்டு நல்ல பட்டு மாதிரியே இருக்கும். ஒன்றைக்கூட அவர் கட்டி நான் பார்த்ததில்லை. ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"நல்லாத்தாண்ணே இருக்கு. கட்டிக்கிட்டு கடைத்தெருப் பக்கம் போனா, 'இது மாடி வீட்டுக்காரவுக சேலைல்ல?'ம்பாக. எதுக்கு?"

"அப்புறம் அத்தனையும் என்ன செய்றீங்க?"

"பாத்திரக்காரிகிட்ட போட்ருவேன்."

பாத்திரக்காரி மூட்டைக்குள் போய்விட்டால் சேலைக்கு முகவரி போய்விடுகிறது. எங்கோ சமயநல்லூரிலோ உசிலம்பட்டியிலோ சந்தையில் அதை வாங்குகிற பெண்ணுக்கு அது யார் வீட்டுச் சேலையும் இல்லை, அவள் காசில் வாங்கிய சேலை. விண்டேஜ் வியாபாரி கஷ்டப்பட்டுக் கதை ஒட்டுகிறாரே, அந்தக் கதையைக் கழற்றிப்போடத்தான் இந்த அம்மாவுக்குப் பாத்திரக்காரி தேவைப்படுகிறார்.

கடைசியாக மூன்று சேலைக்கு ஒரு அடுக்குத் தூக்குவாளி வாங்கியிருக்கிறார். நல்ல கனம். மகன் வேலைக்குச் சாப்பாடு கொண்டுபோகிறானாம். எடுத்துக் காட்டினார். மூடியில் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருந்தது.

"கடையில குடுத்து அம்பது ரூவா ஆச்சுண்ணே. ஏம்பேருதான்."